விகாரி வருஷம் எது? சென்னைச் சுற்றுவட்டாரப் பழைய பண்ணை வீட்டைப் படிக்கும் விதம்

சென்னையில் இப்போது பண்ணை வீடு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளத்தோடு சனி, ஞாயிறு வாடகைக்கு விடுகிற வீடு என்றாகிவிட்டது. இங்கே பேசப்போவது அதைப் பற்றியல்ல. குன்றத்தூர், மாங்காடு, திருநின்றவூர், செங்குன்றம், திருப்போரூர், மதுராந்தகம் என்று நகரத்தைச் சுற்றி, ஏரிக்குக் கீழே, நெல்லை நம்பி எழுந்த குடும்ப வீடுகளைப் பற்றி. தெருப்பக்கம் திண்ணை, நடுவே முற்றம், பின்னால் மாட்டுக் கொட்டாய், அதற்கும் பின்னால் களம். சில பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் பாகம் பிரிந்து கூடத்தின் குறுக்கே சுவர் ஏறியிருக்கிறது.

இப்படி ஒரு வீட்டைப் பழுது பார்க்கலாம் என்று குடும்பம் முடிவெடுத்ததும் முதலில் கொத்தனாரைத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. கொத்தனார் முதல் நாள் கொத்தி எறிகிற பூச்சிலும், ஆசாரி கழற்றிப் போடுகிற சட்டத்தின் ஆணித்துளையிலும்தான் வீட்டின் வயது இருக்கிறது. அதைவிட முக்கியம், வீடு இத்தனை மழையைத் தாங்கிய முறையும் அங்கேதான் இருக்கிறது. படித்து முடித்த பிறகு கொத்தலாம்.

பத்திரத்தில் தொடங்குங்கள்

கையில் இருக்கிற எல்லாப் பத்திரத்தையும் வருஷ வரிசையில் அடுக்கி, சொத்து விவரம் எழுதிய பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். கிரயத் தொகையில் சுவாரசியம் இல்லை. வீட்டை என்ன பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. ஒன்றில் 'கூரை வீடும் மனைக்கட்டும்' என்றிருக்கும். அடுத்ததில் அதே நான்கு எல்லைக்குள் 'நாட்டு ஓடு போட்ட வீடு'. மூன்றாவதில் 'மெத்தை வீடும் ஓட்டு வீடும்'. இந்த வட்டாரத்தில் மெத்தை என்றால் தளம் போட்ட வீடு. படுக்கிற மெத்தையைத் தேடாதீர்கள். கூரை எந்த இரண்டு பத்திரத்துக்கு நடுவில் ஓடாகி, ஓடு எந்த இரண்டுக்கு நடுவில் மெத்தையாகியது என்று பார்த்தாலே கட்டட வரலாற்றில் பாதி கிடைத்துவிடும்.

பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அது கிட்டத்தட்ட ஒரு வரைபடம். வடபாகம் யாருக்கு, தென்பாகம் யாருக்கு, கிணற்றில் பாதி, புழக்கடைக்குப் போக இத்தனை அடி நடைபாதை பாத்தியம், முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வரைக்கும் சில பத்திரங்களில் எழுதியிருப்பார்கள். இன்றைக்கு அண்ணன் பாகத்துச் சுவரில் ஓதம், அதாவது ஈரம், ஏறுகிறது என்றால், காரணம் தம்பி பாகத்தில் அடைத்துப்போட்ட சலதாரையாக, அதாவது வடிகாலாக, இருக்கலாம். பத்திரத்தைப் படிக்காமல் அதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும்.

அளவு காணியிலும் மனையிலும் இருக்கும். இந்த வட்டாரக் கணக்கில் ஒரு மனை 2,400 சதுர அடி. சென்னையில் இன்றும் புழங்குகிற 'கிரவுண்டு' அதே அளவுதான். 24 மனை ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். கிராமக் கணக்குகளில் வருஷம் பசலியில் இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவதால் பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909 முதல் அதே சிவப்புக் கட்டடம். செங்கல்பட்டுச் சீமை 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக, வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி ஊர் ஊராக அளந்தார். ஏரியும் நஞ்சையும் மனைக்கட்டும் ஊர்வாரியாகப் பதிவான அளவை அது. அதில் உங்கள் வீடு கிடைக்காது. உங்கள் ஊர் கிடைக்கும். ஏரி அன்றைக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதும் கிடைக்கும்.

நிலைக்கு மேல் எழுதியிருப்பது

பல வீடுகளில் தலைவாசல் நிலைக்கு மேலே சுண்ணாம்பு வேலைப்பாட்டிலோ மரத்திலோ ஒரு தேதி இருக்கும். 'விகாரி வருஷம் தை மாதம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ் வருஷம் 60-க்கு ஒரு தடவை திரும்பி வரும். விகாரி 1839, 1899, 1959, 2019 ஆகிய வருஷங்களின் சித்திரையில் பிறந்தது. ஆகவே அந்தத் தை 1840 ஜனவரியாகவோ, 1900 ஜனவரியாகவோ, 1960 ஜனவரியாகவோ இருக்கலாம். குடும்பத்தில் எல்லோரும் 1840 என்பார்கள். பழமையாக இருந்தால் பெருமைதானே! வீடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கூடத்து இரும்பு உத்திரம். சுரண்டினால் ஆங்கில எழுத்தில் 'டார்மன் லாங்' என்றோ இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஊர்ப் பெயரோ தெரியும். டார்மன் லாங் 1875-ல் தொடங்கிய கம்பெனி. அந்த உத்திரம் சுவரில் உட்காருகிற இடத்தைச் சுற்றி உடைத்து அடைத்த தடம் இல்லாமல் பழைய கட்டு வரிசை அப்படியே ஓடினால், உத்திரமும் சுவரும் ஒரே காலம். 1840 போயிற்று. அடுத்து கலவை. யாரும் தொடாத ஓர் இடத்தில், பரண் மூலையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ, செங்கல்களுக்கு நடுவிலுள்ள கலவையை ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாக உதிர்ந்து, நடுநடுவே அரைபடாத கிளிஞ்சல் துணுக்கு மின்னினால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணியை வழுக்கினால் சிமெண்ட். இந்தியாவின் முதல் சிமெண்ட் முயற்சியே 1904-ல் சென்னையில்தான், அதுவும் கிளிஞ்சலை வைத்துத்தான் நடந்தது, நிலைக்கவில்லை. கிராமத்துக் கொத்தனார் கைக்கு சிமெண்ட் வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. அஸ்திவாரத்திலிருந்து உச்சிவரை சுண்ணாம்புக் கட்டு, ஒன்றிலிருந்து இரண்டு அங்குலத் தடிமனில் மெல்லிய செங்கல் என்றால் 1960 என்பதற்கும் வழியில்லை. மிச்சம் 1900.

கூரை ஓடுகளை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். மங்களூர் ஓடு என்று நாம் சொல்கிற பட்டை ஓட்டை பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கியது. பிறகு பல ஆலைகள் அதே அச்சில் இறங்கின. ஓட்டின் அடிப்பக்கத்தில் ஆலைப் பெயரும் ஊரும் அழுத்தியிருக்கும். ஆனால் அது ஓட்டின் வயதுதான், வீட்டின் வயதல்ல. கூரையைப் பிரிக்கும்போது கைமரத்தின், அதாவது கூரையின் சாய்வுச் சட்டத்தின், மேல்முகத்தைப் பாருங்கள். மங்களூர் ஓட்டுக்கு ரீப்பர், அதாவது ஓடு உட்காருகிற குறுக்குச் சட்டம், ஏறத்தாழ 32 சென்டிமீட்டருக்கு ஒன்று வரும். அந்த இடைவெளிக்குப் பொருந்தாமல், நெருக்க நெருக்கமாகப் பழைய ஆணித்துளை வரிசை இருந்தால் முதலில் அந்தச் சட்டத்தின் மேல் கிடந்தது நாட்டு ஓடு. கயிறு கட்டிய தேய்மானம் தெரிந்தால் அதற்கும் முன்னால் கீற்றோ வைக்கோலோ இருந்திருக்கிறது. பத்திரத்தில் கூரை வீடு என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை.

இன்னொரு தடயம் மனையடி சாஸ்திரம், அதாவது எந்த அளவு நல்லது, எது ஆகாது என்று சொல்கிற கணக்கு. அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு சங்கதி, கட்டினவர்களுக்கு இருந்தது. அறையின் உள்ளளவு 6, 8, 10, 11, 16, 17, 20 அடி என்றுதான் வைப்பார்கள். 12 முதல் 15 வரை ஆகாது. இன்று ஓர் அறையை அளந்து 13 அடி வந்தால் அந்த அறை பிறந்தபோது அப்படி இல்லை என்று வைத்துத் தேடலாம். பக்கத்து அறையையும் நடுச்சுவரையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். 20 வந்தால் நடுவில் இருப்பது பின்னால் ஏறிய சுவர். தட்டினால் சத்தமும் வேறாக இருக்கும், அடியில் அஸ்திவாரமும் இருக்காது. அளக்கும்போது நாலு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அறைகள் கண்ணுக்குத்தான் சதுரம்.

நெல்லுக்காகக் கட்டிய வீடு

செங்கல்பட்டுச் சீமையில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் போகும். சம்பா அறுப்பு தையில். அதற்குள் வடகிழக்கு மழை ஓய்ந்திருக்க வேண்டும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதம் தண்ணீரை வெளியே அனுப்புவதும், மற்ற மாதங்களில் நெல்லை உலர்வாக வைப்பதும்தான் இந்த வீட்டின் முதல் வேலை. மனிதர்கள் குடியிருந்தது அடுத்தபடி என்றே சொல்லத் தோன்றுகிறது.

களஞ்சியத்தைப் பாருங்கள். தரைமட்டத்துக்கு மேலே கருங்கல் வரிசை, அதன் மேல் பலகைத் தளம், அடியில் காற்று போக இடம். வாசல் பக்கம் காடி வெட்டிய இரண்டு நிறுத்துக்கட்டை. அந்தக் காடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகள் இறங்கும். நெல் ஏற ஏறப் பலகை ஏறும், நெல் இறங்க இறங்க மேல்பலகை கழலும். சிலவற்றில் பலகையின் ஓரத்தில் ௧, ௨, ௩ என்று செதுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கென்றே இழைத்தது, மாற்றிப் போட்டால் இறங்காது. பழைய சாமான் கடைக்கு விற்கும் முன் அந்த எண்களையாவது பாருங்கள்.

6 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் நிரப்பினால் 216 கன அடி. ஒரு கன மீட்டர் நெல் 575 கிலோ வாக்கில் என்று வைத்தால் மூன்றரை டன், 75 கிலோ மூட்டையாக 45-க்கு மேல். தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் களஞ்சியம் ஒருநாளும் மாடியில் இருக்காது. அந்த அறையைக் குளியலறையாக மாற்றப் பலருக்கு ஆசை வருகிறது. அடியில் காற்று போக விட்ட பொந்தை அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டினால் இரண்டே வருஷத்தில் பலகையில் கரையான் ஏறும்.

முற்றத்துக்கு வருவோம். நாலு பக்கத் தாழ்வாரமும் உள்நோக்கிச் சரிவதால் அந்தச் சரிவுகளில் விழுகிற மழை முழுக்க முற்றத்துக்குத்தான். உள்சரிவு மொத்தம் 80 சதுர மீட்டர் என்றால் 50 மில்லிமீட்டர் மழைக்கு 4,000 லிட்டர். ஒரே மணி நேரத்தில் அது பெய்தால் நொடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே வெளியேற வேண்டும். பழைய கல் சலதாரை அதற்குத் தாராளமாகப் போதும், வழியில் யாரும் திண்ணைக்கு டைல்ஸ் போட்டு அடைக்காமல் இருந்தால்.

முற்றத்தின் நாலு உள்மூலைகள்தான் இந்த வீடுகளின் பலவீனம். இரண்டு சரிவு சந்திக்கிற அந்தப் பள்ளத்தில் தகரம் விரித்து, அதன் மேல் இரு பக்கமும் வெட்டிய ஓடு வந்து முடியும். கூரைத் தண்ணீர் எல்லாம் அங்கே சேர்கிறது; வேப்பிலையும் அங்கேதான் சேர்கிறது. இலை மக்கி ஈரம் நின்று தகரத்தில் ஊசித்துளை விழும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. மூலைக் கைமரத்தின் அடியில் கறுப்பாக ஒரு கோடு முதலில் வரும், அடுத்த வருஷம் சட்டம் மெத்துமெத்தென்றாகும், மூன்றாம் வருஷம் மூலை தொங்கும். அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்த உடனேயே ஓட்டைக் கழற்றுங்கள். புதுத்தகரம் இரு பக்கமும் ஓட்டுக்கு அடியில் குறைந்தது 6 அங்குலம் ஏறி, ஓரம் மடிந்திருக்க வேண்டும். அலுமினியத் தகடு துரு ஏறாது என்று சொல்லி விற்பார்கள். ஈரமான சுண்ணாம்பும் சிமெண்டும் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும், மூலையில் கலவை படாமல் வேலை செய்கிற ஆளும் இல்லை. துத்தநாகம் பூசிய கெட்டித் தகரமோ, வசதி இருந்தால் செம்புத் தகடோ போடுவது மேல்.

ஓடு மாற்றக் கணக்கு எளிது. சரிவின் பரப்பை அளந்து சதுர மீட்டருக்கு 15 ஓடு. 600 சதுர அடிச் சரிவு என்றால் ஏறத்தாழ 56 சதுர மீட்டர், 840 ஓடு. உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 925 வாங்கலாம். தரையில் அளந்த பரப்பை வைத்து வாங்கினால் குறையும். 30 பாகைச் சரிவில் கூரை தரையைவிட 15 சதவீதம் பெரிது. பழைய ஓட்டை எறிய வேண்டாம். விரல் மடக்கால் தட்டிப் பாருங்கள், கணீரென்றால் நல்ல ஓடு, சொத்தென்றால் உள்ளே கீறல். பழைய நல்ல ஓடுகளைத் தெருப்பக்கச் சரிவில் சேர்த்துவிட்டுப் புதியதைப் புழக்கடைப் பக்கம் போடுவார்கள். ஒரே சரிவில் இரண்டு ஆலை ஓட்டைக் கலக்காதீர்கள். பூட்டு உட்காராமல் சாரல் உள்ளே வரும்.

மெத்தை

தெருப்பக்க அறைகளின் மேலே, சில வீடுகளில் மாடி அறைக்கு மேலே, இருப்பது மெட்ராஸ் டெரஸ். ஊர் பேரையே தாங்கிய தளம், ஊரிலேயே இதைப் போடத் தெரிந்தவர்கள் சொற்பம்.

அமைப்பு இப்படி. சுவரிலிருந்து சுவருக்கு, அல்லது சுவரிலிருந்து இரும்பு உத்திரத்துக்கு, தேக்குக் கட்டைகள். நடுவுக்கு நடு ஒன்றரை அடிக்குள் இருக்கும். அவற்றின் மேலே 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமனுள்ள மெல்லிய செங்கலைப் படுக்கையாக இல்லாமல் குத்துவாக்கில், கட்டைகளுக்கு மூலைவாட்டாக, சுண்ணாம்புக் கலவையில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை அடைப்பு கிடையாது. ஒரு வரிசை பிடித்துக்கொண்ட பிறகு அடுத்த வரிசை அதில் ஒட்டும். மூலைவாட்டாகப் போவதால் ஒரு கல் தளர்ந்தாலும் பக்கத்துக் கல் தாங்கும்.

அதன் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, சுர்க்கி என்கிற செங்கல் தூள் கலந்த காங்கிரீட் 4 அங்குலம் கொட்டி, மரக்கட்டையால் அடித்து 3 அங்குலம் ஆக்குவார்கள். சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிக்க வேண்டும். கட்டை பதியாமல் துள்ளும்போதுதான் நிறுத்தலாம். வாட்டம் பத்தடிக்கு 3 அங்குலம். மேலே தட்டோடு இரண்டு வரிசை, சந்து மாறி வரும்படி.

வெல்லம் கலவையை இழுவையாக்கும். கடுக்காயின் துவர்ப்பு கெட்டிப்பட உதவும். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லம் கூடிப்போனால் கலவை இறுக நாளாகும், எறும்பும் வரும். சுர்க்கியில் ஒரு சூட்சுமம் உண்டு. அதற்கு எந்தச் செங்கலும் ஆகாது. சற்றே குறைவாக வெந்த செங்கலின் தூள்தான் சுண்ணாம்போடு வினைபுரியும். நன்றாக வெந்த இன்றைய சேம்பர் செங்கலைப் பொடித்துப் போட்டால் அது வெறும் சிவப்பு மணல்.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் நடுவில் அல்ல, ஓரத்தில். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற இடத்தில் கால்வட்டமாக ஒரு சுண்ணாம்பு ஓரம் இருக்கும். அது விரிந்தால் தண்ணீர் நேரே கட்டையின் முனைக்கு இறங்கும். அங்கேயேதான் அரசங்கன்றும் முளைக்கும். அதை மேலோடு ஒடித்தால் வேர் தடித்து இன்னும் வலுவாக வரும். நாலு கல்லைக் கழற்றி வேரோடு எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் வழி.

கட்டை முனையைச் சோதிக்க, அடியில் ஏணி வைத்து, சுவரிலிருந்து ஓரடி தூரத்துக்குள் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்கு என்றால் நுனி மட்டும் பதியும். அரை அங்குலம் இறங்கினால் முனை போய்விட்டது. நடுக்கட்டை பெரும்பாலும் கல்லு மாதிரி இருக்கும், அதனால் முழுக்கட்டையையும் மாற்றத் தேவையில்லை. இரு பக்கக் கட்டைகளுக்கும் சேர்த்து மூன்றடிக்கு ஒன்றாக முட்டு கொடுத்து, கெட்டதை நல்ல மரம் வரும்வரை வெட்டி, புதுத்தேக்கைச் சாய்வெட்டில் ஒட்டுப்போட்டு போல்ட்டால் இறுக்கலாம். ஒட்டின் நீளம் கட்டை உயரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லையென்றால் இரு புறமும் இரும்புச் சானல் வைத்து முடுக்கலாம். ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைத் தொடாதீர்கள். நடுவில் இருக்கிற செங்கல் இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. திரும்ப வைக்கும்போது முனையைச் சுற்றிக் கலவையைத் திணித்து மூடுவதுதான் வழக்கமான தவறு. அடியில் ஒரு கல்தட்டு, மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலம் காற்று. மூச்சு விடாத முனைதான் உளுத்துப்போகிறது.

ஒழுகுகிறது என்றதும் மேலே ஓர் அங்குலம் சிமெண்ட் பூசிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. சதுர மீட்டருக்கு 55 கிலோவுக்கு மேல் பாரம் கூடுகிறது. வெயிலில் சிமெண்ட் தோல் விரிந்து சுருங்கி முடிக்கீறல் விடும். கீறல் வழியே இறங்கிய தண்ணீர் அடியில் மாட்டிக்கொண்டு மேலே ஆவியாக முடியாமல் கட்டைக்குள் போகும். மழை நின்று பத்து நாள் கழித்தும் தளத்தின் அடிப்பக்கம் சொட்டுகிற வீடுகள் இப்படிப்பட்டவை.

'தளத்தைப் பிரித்து ஆர்.சி. (கம்பி கட்டிய காங்கிரீட்) போட்டால் பாரம் தாங்காது' என்று சொல்லிப் பயமுறுத்துவதும் சரியல்ல. மெட்ராஸ் டெரஸ் செங்கல் வரிசை 135 கிலோ, சுண்ணாம்புக் காங்கிரீட் 135 கிலோ, தட்டோடு 40 கிலோ என்று சதுர மீட்டருக்கு 300-ஐத் தாண்டும். 4 அங்குல ஆர்.சி. தளம் 250 கிலோதான். சிக்கல் பாரத்தில் இல்லை. ஆர்.சி. வெயிலில் ஒரே துண்டாக விரியும். மெத்தென்ற சுண்ணாம்புக் கட்டுச் சுவரின் மேல்வரிசையை அது இழுத்துக்கொண்டு போகும். தளத்துக்கு ஓரடி கீழே படுக்கைவாக்கில் ஒரு கீறல் வந்தால் அதுதான் காரணம், எத்தனை தடவை பட்டி பார்த்தாலும் திரும்ப வரும்.

சுவர்

தரையிலிருந்து மூன்றடி வரை பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருப்பது இந்த வீடுகளில் சாதாரணம். சுவரில் ஈரம் ஏறுவதைத் தடுக்கிற அடுக்கு எதுவும் அந்தக் காலத்தில் கிடையாது. ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியே போய்விடும், அதுதான் ஏற்பாடு. அங்கே சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தால் மூன்றடியில் நின்ற ஓதம் போக வழி தேடி ஐந்தடி, ஆறடி ஏறும். பிறகு சிமெண்ட் பெயரும்போது பழைய செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

சிமெண்டை எடுக்கும்போது டிரில் மெஷின் வேண்டாம்; உளியும் சுத்தியும் போதும். சந்துகளை அரை அங்குலம் சுரண்டி, தூசி தட்டி, ஒரு மாதமாவது சும்மா விட்டுவிடுங்கள். வெளியே வரும் உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். கழுவினால் திரும்ப உள்ளே போகும்.

பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. நூறு சதுர அடிக்கு முக்கால் அங்குலம் பூச, சந்து அடைப்பும் சேதாரமும் சேர்த்து மணல் ஏழரை கன அடி, சுண்ணாம்பு இரண்டரை கன அடி. இரண்டையும் கூட்டிப் பத்து என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்பு மணலின் இடுக்குக்குள் உட்கார்ந்துவிடும், கலவை ஏழரைதான் தேறும். ஒரு காலத்தில் பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல் பக்கிங்காம் கால்வாயில் படகேறி நகரத்துக்கு வந்தது. அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வைத்துப் பளிங்கு மாதிரி மெருகேற்றியதைத்தான் வெள்ளைக்காரர்கள் 'மெட்ராஸ் சுண்ணம்' என்று வியந்து எழுதினார்கள். முட்டை வெண்கருவெல்லாம் அந்தக் கடைசி மெருகுக்குத்தான், சுவர் முழுக்க அல்ல.

நீற்றாத சுண்ணாம்பு வாங்கினால் தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். குறைந்தது 15 நாள் ஊறட்டும், ஊற ஊற நல்லது. கடையில் மூட்டையில் வருகிற நீற்றிய தூளை வாங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொங்கி நுரைத்தால் காற்றுப் பட்டுச் செத்துப்போன சுண்ணாம்பு, ஒட்டாது.

முதல் பூச்சுக்கு முன்னால் சுவரை முதல் நாள் இரவே நனைத்துவிடுங்கள். பூசி, கீறிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து அடுத்தது. சாக்குத் துணியை நனைத்துத் தொங்கவிட்டு மெல்ல உலர வைக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான், அதற்கு ஈரமும் வேண்டும் காற்றும் வேண்டும். தை பிறந்து பங்குனி முடியும் வரை இந்த வேலைக்கு நல்ல காலம். அக்னி நட்சத்திரத்தில் பூசினால் வெடிக்கும், ஐப்பசியில் பூசினால் வழியும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மூன்று கை. கொஞ்சம் உப்பும் கஞ்சியும் சேர்த்தால் கையில் ஒட்டாது.

கொத்தனார் ஒத்துக்கொள்ளாவிட்டால், சிதையாத வீட்டைக் காட்ட முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குக் கூட்டிப் போகலாம். 1996-ல் திறந்த இடம். வெவ்வேறு ஊர்களில் பிரித்தெடுத்த வீடுகளை அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள், உழவர் வீடும் உண்டு. தாழ்வாரத்தின் அடியில் நின்று ஓட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து ஓடு ஏற்றுவதற்கு முன், மாற்றிய ஒவ்வொரு கைமரத்தின் மேல்முகத்திலும், ஒட்டுப்போட்ட ஒவ்வொரு கட்டையின் பக்கத்திலும் ஆசாரியை விட்டு வருஷத்தைச் செதுக்கச் சொல்லுங்கள். நாலு இலக்கத்தில். வெறும் தமிழ் வருஷப் பெயர் மட்டும் போட்டால் அறுபது வருஷம் கழித்து யாராவது திரும்பவும் உத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.